ஆலிம்சாவிடம் என்ன கேட்டோம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கருணைக்கொலை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இஸ்லாத்தில் கருணைக்கொலை ஹராம் (தடுக்கப்பட்டது) என்று எழுதியிருந்தது சரி, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அடுத்த வரியிலேயே, 'ஆகவே கடைசி மூச்சு வரை எல்லாச் சிகிச்சையும் செய்தே ஆக வேண்டும்' என்று முடித்துவிட்டீர்களே, அங்கேதான் இடறுகிறது. அந்த 'ஆகவே'யால் நான் பார்த்த வீடுகளில் பெரியவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

நான் மேலப்பாளையத்துக்காரி. கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நர்ஸ் வேலை. இப்போது வீடு வீடாகப் போய், இனி குணமாகாது என்று அனுப்பப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்கிறேன். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் இளையவர்கள் தமிழ் பேசுவது அபூர்வம். ஆனால் நோய் முற்றும்போது சில பெரியவர்களுக்கு இங்கிலீஷ் நழுவிப்போய், சின்ன வயதுத் தமிழ் திரும்பி வந்துவிடும். அப்போது மொழிபெயர்க்கவும் நான்தான்.

அப்படித்தான் ஓர் ஆயாவிடம் போனேன் (பாட்டியை இங்கே ஆயா என்பார்கள்). குடலில் ஆரம்பித்த கேன்சர் முதுகெலும்புக்கு வந்துவிட்டது. வலிக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை மார்க் போடுவார் என்று டாக்டர் கேட்கச் சொன்னார். ஆயா என்னைப் பார்த்து, "கடுக்குதும்மா, உள்ளுக்குள்ள யாரோ துணி புழியுற மாதிரி இருக்கு" என்றார். துணி புழிவதற்கு எத்தனை மார்க்? ஒன்பது என்றேன்.

கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் சிரப் பாட்டில் ஃபிரிட்ஜ் மேல் சீல் உடைக்காமல் நான்கு நாளாக நின்றது. கொடுத்தால் உம்மா சீக்கிரம் போய்விடுவார், அது கொலைக்குச் சமம் என்று மூத்த மகன் சொன்னார். வலி பாவங்களுக்குக் கஃப்பாரா (பரிகாரம்) என்றார் இளையவர். முள் குத்தினால்கூட அதற்காகப் பாவம் மன்னிக்கப்படும் என்று ஹதீஸ் (நபிமொழி) இருப்பது எனக்கும் தெரியும். ஆனால் சபர் (பொறுமை) செய்வது நோயாளியின் பாடு. உம்மாவுக்காக மகன் சபர் செய்ய முடியாதே! மருந்து செய்துகொள்ளுங்கள் என்று சொன்னதும் அதே நபிதானே.

மார்க்க அறிஞரான ஆலிம்சாவிடம் கேட்டாயிற்று, கூடாது என்றுவிட்டார் என்றார்கள். என்ன கேட்டீர்கள் என்றேன். "மயக்கிப் போட ஒரு மருந்து தர்றாங்க, அதுலயே மௌத்தாயிடுவாங்களாம், குடுக்கலாமா" என்று கேட்டிருக்கிறார்கள். இப்படிக் கேட்டால் எந்த ஆலிம் சரி என்பார்? ஸ்பீக்கரில் போட்டு மறுபடி கூப்பிடச் சொன்னேன். என்ன நோய், நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை எவ்வளவு கொஞ்சமாகக் கொடுக்கிறோம், வலி குறையக் குறைய எப்படி அளவைச் சரி பார்ப்போம், உயிரை எடுப்பது நோக்கமே இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. வலிக்கு மருந்து குடுக்க என்ன தடை? நிய்யத்து என்னன்னுதானே பாக்கணும்" என்றார் ஆலிம்சா (நிய்யத்து என்றால் எண்ணம், நோக்கம்). பேச்சு மொத்தமே ஆறு நிமிடம்.

அன்று மஃரிபுக்கு (அந்தித் தொழுகைக்கு) முன்னால் முதல் வேளை கொடுத்தோம். முக்கால் மணி நேரம் கழித்து ஆயா கை நீட்டி, தயம்மும் (தண்ணீருக்குப் பதில் மண்ணைத் தொட்டுச் செய்யும் சுத்தம்) செய்ய வேண்டும் என்றார். இளைய மகன் தோட்டத்துக்கு ஓடிப்போய் ஒரு செங்கல்லைத் தட்டித் துடைத்து எடுத்து வந்தார். ஆயா படுத்தபடியே சைகையால் தொழுதார். வலி தாங்காமல் பல நாளாகத் தொழுகை விட்டுப்போயிருந்தது என்று அப்புறம்தான் சொன்னார்கள். ஆயாவுக்கும் ஒரு பயம் இருந்தது: மருந்து மயக்கத்தில், சாகும்போது சொல்ல வேண்டிய கலிமா நாவில் வராமல் போய்விட்டால்? நியாயமான பயம். முதல் இரண்டு நாள் தூக்கம் அசத்தியது, பிறகு தெளிந்துவிட்டார். அப்புறம் பதினொரு நாள் இருந்தார்.

கட்டுரையில் 'உங்களை நீங்களே கொன்றுவிடாதீர்கள்' என்ற குர்ஆனின் 4:29 வசனத்தைக் காட்டியிருந்தீர்கள். துன்பம் தாளாமல் மரணத்தை விரும்பாதீர்கள் என்ற நபிமொழியும் இருக்கிறது. அப்படி விரும்பித்தான் ஆக வேண்டும் என்றால், வாழ்வு நலமாக இருக்கும்வரை வாழ வை, மரணம் நலமானால் அழைத்துக்கொள் என்று துஆ (பிரார்த்தனை) கேட்கச் சொன்னார்கள். சரி, இதெல்லாம் உயிரை நாமே எடுப்பது பற்றி. சிகிச்சையை மறுப்பது வேறு சங்கதி. நபியின் மனைவி ஆயிஷா நாயகி அறிவித்து, புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிற ஒரு செய்தியை நீங்கள் எடுத்திருக்கலாம். நபி அவர்களின் கடைசி நோயில், வேண்டாம் என்று அவர்கள் சைகை காட்டியும், நோயாளி மருந்தை வெறுப்பது சகஜம்தானே என்று நினைத்து வீட்டார் வாயோரமாக மருந்தை ஊற்றிவிட்டார்கள். தெளிவு வந்ததும், நான் தடுக்கவில்லையா என்று கேட்டார்கள். பிறகு அந்த வீட்டிலிருந்த எல்லோருக்கும் அதே மருந்தை ஊற்றச் சொன்னார்கள். அப்போது உடன் இல்லாத நபியின் சிறிய தந்தை அப்பாஸ் மட்டும் தப்பினார். ஐசியு வாசலில் நின்று, நோயாளி கையை உதறுவதைப் பார்த்தபடியே 'எல்லாம் செய்யுங்கள் டாக்டர்' என்கிறவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்த ஹதீஸ்தான் நினைவுக்கு வரும்.

வைத்தியம் செய்துகொள்வது எப்போதுமே கட்டாயக் கடமை என்று மத்ஹபுகளின் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளின்) பெரும்பாலான அறிஞர்கள் சொல்லவில்லை. விட்டால் உயிர் போகும், செய்தால் பிழைக்கும் என்கிற இடத்தில் அது கடமையாகலாம். பயனே இல்லாத இடத்தில் இல்லை. 1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி, மூளை முழுதாகச் செயலிழந்துவிட்டது, இனி மீளாது என்று நிபுணர்கள் உறுதி சொன்னால், உயிர் காக்கும் இயந்திரத்தை எடுக்கலாம் என்று முடிவு செய்தது. மூளைச் சாவை மரணமாக ஏற்காத உலமாக்களும் உண்டு. இந்த விவகாரமே இல்லை என்பதுபோல் எழுதியதுதான் எனக்கு வருத்தம்.

இங்கே செய்தியில் வருவதும் சேர்ந்து குழப்புகிறது. புற்றுநோய் முற்றிய ஒரு வழக்கறிஞர் டாக்டர் உதவியோடு சாகலாம் என்று 2015 ஏப்ரலில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வருவதற்குச் சில மணி நேரம் முன்பே அவர் இயற்கையாக இறந்துவிட்டிருந்தார். 2016 டிசம்பரில் மேல் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அதே வருடம் தன் 85-வது பிறந்தநாளில், அந்த வழி தனக்கும் திறந்திருக்க வேண்டும் என்று இந்நாட்டுப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு எழுதினார். அவர்மேல் இருக்கும் மரியாதை குறையாமலே நான் அதை ஏற்கவில்லை. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது. மார்ஃபினா, அதுதான் டூட்டு கேட்டது என்கிறார்கள்!

பதில் தெரியாத இடம் எனக்கும் ஒன்று உண்டு. 1992-இல் எங்கள் டர்பன் நீதிமன்றத்திலேயே ஒரு வழக்கு வந்தது. நான்கு வருடமாக நினைவு திரும்பாமல் கிடந்த கணவருக்கு, குழாய் வழியாகப் போகும் உணவை நிறுத்தும் அதிகாரம் வேண்டும் என்று மனைவி கேட்டார். நீதிபதி கொடுத்தார். வென்டிலேட்டரை எடுக்கலாம் என்கிற ஆலிம்களே உணவும் தண்ணீரும் என்று வரும்போது தயங்குகிறார்கள். போன மாதம் ஒரு மருமகள் என்னிடம் இதைத்தான் கேட்டாள். குழாய்ப் பால் வயிற்றில் தங்காமல் மாமனாருக்குத் திரும்பத் திரும்ப நெஞ்சுக்குள் ஏறுகிறது, அதை நிறுத்தினால் பட்டினி போட்ட பாவம் வருமா என்று. பஞ்சை ஸம்ஸம் தண்ணீரில் நனைத்து உதட்டைத் துடைக்கக் காட்டிக்கொடுத்தேன். பாவமா இல்லையா என்பதற்குப் பதில் சொல்லவில்லை. அடுத்த இதழில் இதை ஓர் ஆலிமும் ஒரு டாக்டரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதட்டும். அந்த மருமகளுக்குத் தமிழ் படிக்க வராது, நான் படித்துக் காட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஓவர்போர்ட், டர்பன்