ஜாக் கிளாட்ஸ்டனையும் உங்கள் வீட்டுப் பெயர்களில் சேர்த்துக்கொள்ளுங்கள்

கிளாட்ஸ்டன் குடும்பத்தாருக்கு, வணக்கம்.

எடின்பரோவில் லீத் துறைமுகத்தை ஒட்டி ஒரு குருத்வாரா இருக்கிறது. யார் போனாலும் சாப்பாடு உண்டு. அந்தப் பருப்புக்காகவே நான் பல ஞாயிற்றுக்கிழமைகள் போயிருக்கிறேன். வெளியே நின்று பார்த்தால் அது சர்ச்தான். லீத்தில் பிறந்து லிவர்பூலில் பெரும் வணிகரான உங்கள் முன்னோர் ஜான் கிளாட்ஸ்டன், 1840களில் சொந்த ஊருக்குக் கட்டிக்கொடுத்த செயின்ட் தாமஸ் தேவாலயம் அது. இது தெரியாமலே வெகுநாள் அங்கே கை நனைத்திருக்கிறேன். தெரிந்த பிறகு எழுதுகிற மடல் இது.

2023 ஆகஸ்டில் உங்களில் சிலர் தென் அமெரிக்காவின் கயானாவுக்கே போய், அங்கே அடிமைகளை வைத்திருந்ததற்கும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்ததற்கும் மன்னிப்புக் கேட்டீர்கள். நிறையப் பழைய பணக்காரக் குடும்பங்கள் வாயே திறக்காத விஷயம் இது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். கயானா பல்கலைக்கழகத்துக்கு 1 லட்சம் பவுண்டும் அறிவித்தீர்கள். சரி. ஆனால் அடிமை முறை ஒழிந்தபோது, 2,508 மனிதர்களை 'இழந்ததற்காக' ஜான் வாங்கிய நட்ட ஈடு 1,06,769 பவுண்ட். இருநூறு வருட விலைவாசியையெல்லாம் விடுங்கள். வெறும் எண்ணிக்கையில்கூட வாங்கியதைவிடக் கொடுத்தது குறைவு. விடுதலையான அந்த 2,508 பேருக்கு ஒரு பென்னிகூடக் கிடைக்கவில்லை. இப்படி முதலாளிகளுக்குக் கொடுக்க பிரிட்டன் வாங்கிய கடன் 2015இல்தான் முழுதாக அடைந்தது. அதுவரை இங்கே வரி கட்டிய என் பணமும் அதில் கொஞ்சம் போயிருக்கிறது!

ஆனால் நான் எழுத வந்தது பணத்தைப் பற்றியல்ல, பெயரைப் பற்றி.

இன்றைய கயானாவின் ஒரு பகுதியான டெமராராவில் ஜானுக்குச் சொந்தமான 'சக்சஸ்' கரும்புத் தோட்டத்தில் ஜாக் கிளாட்ஸ்டன் என்று ஒருவர் இருந்தார். பீப்பாய் செய்கிற தொழிலாளி. முதலாளியின் பெயரே அடிமைக்கும் குடும்பப் பெயரானது. அவருடைய அப்பா குவாமினா, தலைமைத் தச்சர். பக்கத்துத் தோட்டத்துச் சிற்றாலயத்தில் டீக்கன், அதாவது சபை ஊழியர். 1823 ஆகஸ்ட் 18 அன்று இவர்கள் தோட்டத்தில் தொடங்கிய எழுச்சியில் பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். உயிர்ச்சேதம் வேண்டாம் என்றுதான் குவாமினா சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்தவர்கள் கையில் செத்த வெள்ளையர்கள் இரண்டு மூன்று பேர். ராணுவம் கொன்ற அடிமைகளோ நூற்றுக்கணக்கில். குவாமினாவைச் சுட்டு, உடலைச் சங்கிலியில் கட்டி, சக்சஸ் தோட்டத்து முகப்பிலேயே தொங்கவிட்டார்கள். ஜாக்கை கரீபியன் தீவான செயின்ட் லூசியாவுக்கு நாடு கடத்தினார்கள். ஜான் தன் வாழ்நாளில் ஒருமுறைகூட டெமராராவை எட்டிப் பார்த்ததில்லை.

கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் இன்று குவாமினா தெரு இருக்கிறது. முன்பு அது மரே தெரு. எழுச்சியை நசுக்கிய ஆளுநரின் பெயர். கயானாக்காரர்கள் மாற்றிவிட்டார்கள்.

உங்கள் வீட்டிலோ 1835இல் ஒரு பெயர் மாற்றம் நடந்தது. 'கிளாட்ஸ்டன்ஸ்' என்றிருந்த குடும்பப் பெயரின் கடைசி எழுத்தை, அரச அனுமதி வாங்கி முறையாக நீக்கினார் ஜான். தன் பெயரில் ஒரு எழுத்துக்கு அத்தனை மெனக்கெட்ட மனிதர் அடுத்த வருடமே, 1836 ஜனவரியில், கல்கத்தாவிலிருந்த ஒரு வணிக நிறுவனத்துக்குக் கூலிகள் கேட்டுக் கடிதம் போட்டார். போகிற இடமோ பயணத்தின் தூரமோ இந்த மக்களுக்குத் தெரியாது, அதனால் அனுப்புவதில் சிரமமில்லை என்று பதில் வந்தது. சோட்டா நாக்பூர் மலைமக்களை மனிதரைவிடக் குரங்குக்கு நெருக்கமானவர்களாகப் பேசுவார்கள் என்றும் அதே கடிதத்தில் எழுதியிருந்தார்கள். ஜான் ஆர்டரைத் திரும்பப் பெறவில்லை. 1838 மே 5 அன்று 'விட்பி', 'ஹெஸ்பெரஸ்' என்ற இரண்டு கப்பல்களில் 396 பேர் டெமராராவில் இறங்கினார்கள். அடிமைகளின் முழு விடுதலை அதே வருடம் ஆகஸ்ட் 1. மூன்று மாதம் முன்பே மாற்று ஆள் வந்தாயிற்று.

அப்புறம்தான் எங்கள் கதை. 1845 முதல் மதராஸிலிருந்தும் கப்பல்கள் போயின. அந்த வழியில் போனவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் கயானாவில் மாரியம்மனுக்கு வேப்பிலையோடு பூசை செய்கிறார்கள். ஊரார் அதைக் காளி மாய் பூசை என்பார்கள். குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி பதிவேட்டில் ஏறி, முனுசாமி மூன்சாமி ஆகி, அதுவே குடும்பப் பெயராகவும் நின்றுவிட்டது. ஜாக்குக்கு முதலாளியின் பெயர், எங்கள் ஆட்களுக்குப் பிழையான பெயர்.

நான் கேட்பது இதுதான். உங்கள் குடும்ப வரலாற்றில், ஜானின் மகனும் நான்கு முறை பிரதமருமான வில்லியம் வருகிற பக்கங்களில், ஜாக் கிளாட்ஸ்டனையும் எழுதுங்கள். அடிக்குறிப்பாக அல்ல, அந்தப் பெயரைச் சுமந்த ஒருவராக. பக்கத்தில் குவாமினா. கல்கத்தாவிலிருந்து வந்த அந்தப் பதிலை, வெட்டாமல் சுருக்காமல், உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் படிக்கிற இடத்தில் சட்டம் போட்டு மாட்டுங்கள். ஜானின் பெயர் பொறித்த கல் உங்கள் பொறுப்பில் எங்கே இருந்தாலும், அதே அளவு எழுத்தில் இன்னொரு கிளாட்ஸ்டனின் பெயரையும் பொறியுங்கள்.

லீத் பக்கம் வந்தால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வாருங்கள். அந்தக் குருத்வாராவில் யாரும் பெயர் கேட்பதில்லை. தரையில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடலாம்.

இப்படிக்கு,
லீத்தில் வசிக்கும் ஒரு தமிழன்