ஏசி கேஸ் சட்டங்கள் ஏன் ஒன்றுபோல் இருக்கின்றன

அன்பு நண்பா,

நலம்தானே? எந்த நாட்டு இறக்குமதி விதியைப் புரட்டினாலும் ஏசி கேஸுக்கு ஒரே மாதிரி லைசென்ஸ், ஒரே மாதிரி கோட்டா இருப்பது ஏன் என்று கேட்டிருந்தாய். எல்லாம் ஓசோன் படலத்தைக் காக்க நாடுகள் செய்துகொண்ட 1987 மாண்ட்ரியல் நெறிமுறையிலிருந்து வந்தவை. அதன் நான்காம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் சேராத நாட்டோடு சிஎஃப்சி, அதாவது ஓசோனை அரிக்கும் பழைய ஏசி கேஸ், வாங்கவோ விற்கவோ கூடாது. விலகி நின்றால் சரக்கே வராது. 1990-ல் லண்டனில் வளரும் நாடுகளுக்கு உதவி நிதியும் முடிவானது. அதற்குப் பிறகே சீனா 1991-லும் இந்தியா 1992-லும் சேர்ந்தன.

ஆனால் சட்டங்களை ஒன்றுபோல் ஆக்கியதில் பெரும் பங்கு ஒரு படிவத்துக்குத்தான் என்பேன். ஒவ்வொரு நாடும் எந்தெந்தப் பொருளை எத்தனை டன் தயாரித்தது, இறக்கியது, ஏற்றியது என்று ஆண்டுதோறும் கணக்குத் தர வேண்டும். கணக்கு வேண்டுமென்றால் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் கொடுக்க ஓர் அலுவலகம் வேண்டும். அதனால்தான் நாட்டுக்கு நாடு அரசில் ஓசோன் பிரிவு முளைத்தது. சுங்கத்திலும் இதே கதை. சிஎஃப்சிக்கு மாற்றாக வந்து, பூமியைச் சூடாக்கும் எச்எஃப்சி வாயுக்கள் பல ஒரே சுங்கக் குறியீட்டில் கலந்து கிடந்தன. உலகச் சுங்கக் குறியீட்டின் 2022 திருத்தத்தில்தான் முக்கியமானவற்றுக்குத் தனி எண்கள் வந்தன.

காலக்கெடு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். மாண்ட்ரியல் நெறிமுறைக்கு 2016-ல் வந்த கிகாலி திருத்தப்படி சீனா எச்எஃப்சி அளவை 2024-ல் மேலே ஏறாமல் நிறுத்தி, 2045-க்குள் 80% குறைக்க வேண்டும். இந்தியாவுக்கு 2028-ல் நிறுத்தம், 2032-ல் 10% குறைப்பு, 2047-ல் 85%.

எனக்குக் கவலை சர்வீஸ் கடைதான். சட்டம் இறுகினால் கேஸ் விலை ஏறும், போலி சிலிண்டர் நுழையும். ஆர்-134ஏ என்ற எச்எஃப்சி கேஸ் என்று விற்ற சில சிலிண்டர்களில் மெத்தில் குளோரைடு, அதாவது ஆர்-40 இருந்தது. அழுத்தம் அசலோடு ஒத்துப்போகும்படி கலந்திருப்பதால் அழுத்தம் காட்டும் கேஜில் பிடிபடாது. மெத்தில் குளோரைடு கம்ப்ரசருக்குள் அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தானே தீப்பற்றும் பொருளாக மாறும். 2011-ல் வியட்நாமில் சர்வீஸ் செய்த குளிர்பதனக் கன்டெய்னர்கள் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். கேஜை நம்பாமல், சிலிண்டரிலிருந்து மாதிரி எடுத்து இனம் காணும் கருவியில் பார்க்க வேண்டும். விதி எல்லா நாட்டிலும் ஒன்றுதான். அந்தக் கருவி எல்லாத் துறைமுகத்திலும் இல்லை.

உங்கள் துறைமுகச் சுங்கத்தில் அது இருக்கிறதா? விசாரித்து எழுது.

அன்புடன்,
உன் நண்பன்