வாடகை வீட்டில் எகிறும் தண்ணீர் பில்: குடிநீர் வாரியங்களுக்கும் வீட்டு உரிமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

குடிநீர் வாரிய அதிகாரிகளுக்கும், அவர்களிடம் இணைப்பு வாங்கி வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

வாடகை வீட்டில் இருப்பவருக்குத் திடீரென்று மூன்று மடங்கு தண்ணீர் பில் வந்தால், யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரிவதில்லை. வாரிய அலுவலகத்துக்குப் போனால், ‘இணைப்பு உங்கள் பேரில் இல்லையே, ஓனரை வரச் சொல்லுங்கள்’ என்கிறார்கள். உரிமையாளரிடம் போனால், ‘தண்ணீரைச் செலவழித்தது நீங்கள்தானே’ என்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டே இருக்கும். இது எனக்கும் நடந்தது. அதிலிருந்து தெரிந்துகொண்டதை வைத்து உங்கள் இரு தரப்பிடமும் ஒன்றைக் கேட்கிறேன்: கசிவுக்கான பொறுப்பு, குழாய் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் இருக்கட்டும், மீட்டர் என்ன சொல்கிறது என்பது, தண்ணீரைப் பயன்படுத்துகிறவருக்கு உடனுக்குடன் தெரியட்டும்.

எங்கள் வீட்டில் தண்ணீர் போன வழி கழிவறையின் ஃப்ளஷ் டேங்க். அதன் அடியில் இருக்கும் ரப்பர் மூடி தேய்ந்து, சரியாக உட்காராமல் இருந்தது. சொட்டும் சத்தம் இல்லை, தரையில் ஈரம் இல்லை. கழிவறைக் கோப்பையின் உள்ளே, பின்பக்கச் சுவரில் மெல்லிய படலமாகத் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்திருக்கிறது. வெள்ளைப் பீங்கானில் அது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. காய்ந்த காகிதம் ஒன்றை அங்கே ஒட்டிப் பார்த்தபோதுதான், மேலிருந்து கீழாக ஒரு கோடு மட்டும் நனைந்தது. டேங்க் தண்ணீரில் கொஞ்சம் நிறப்பொடியைக் கரைத்துவிட்டு, கால் மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விட்டாலும் போதும். கோப்பைக்குள் நிறம் இறங்கினால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். இன்னொரு கோளாறும் உண்டு. மிதவை சரியாக மேலேறி அடைக்காவிட்டால், டேங்க் நிறைந்த பிறகும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். உபரித் தண்ணீர் நடுக்குழாய் வழியாக நேராகக் கோப்பைக்குள் போய்விடும்.

பில் எகிறினால் எல்லாரும் முதலில் சொட்டுகிற குழாயைத்தான் சந்தேகப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. ஏறத்தாழ 4,000 சொட்டு சேர்ந்தால் ஒரு லிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒரு நாள் முழுக்கச் சொட்டினால் 86,400 சொட்டு, அதாவது 20 லிட்டருக்குச் சற்று மேல். ஒரு மாதம் விட்டாலும் ஆயிரம் லிட்டர்கூட ஆகாது. அந்த வாஷரை மாற்ற வேண்டியதுதான், ஆனால் மூன்று மடங்கு பில்லுக்கு அது காரணமாக முடியாது. சத்தமில்லாமல் வழிகிற ஃப்ளஷ் டேங்க் ஒரு நாளைக்கே நூற்றுக்கணக்கான லிட்டரைக் கொண்டுபோய்விடும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்று எடுத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1,440 லிட்டர்; முப்பது நாளில் 43,000 லிட்டருக்கு மேல். ஒரு குடும்பம் குளித்து, துவைத்து, சமைத்து முடிக்கிற அளவை இது சுலபமாகத் தாண்டிவிடும்.

இப்போது மீட்டருக்கு வருகிறேன். வாடகைக்கு இருப்பவர்களில் பலருக்கு மீட்டர் எங்கே இருக்கிறது என்றே யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். வாசல் ஓரத்தில் ஒரு மூடிக்குக் கீழே, மண் படிந்த கண்ணாடியோடு கிடக்கும். விரலால் துடைத்தால் எண்கள் தெரியும். பல மீட்டர்களில் கறுப்பு எண்கள் கன மீட்டரையும், சிவப்பு எண்கள் அதற்குக் கீழான லிட்டர் கணக்கையும் காட்டும். ஒரு கன மீட்டர் என்றால் 1,000 லிட்டர். பில்லில் யூனிட் என்று போடுவது பல இடங்களில் இதைத்தான். எண்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரச் சக்கரமோ முக்கோணமோ இருக்கும். வீட்டுக்குள் எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் அது மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தால், எங்கோ தண்ணீர் போகிறது. அப்புறம் வீட்டுக்கான வால்வை மூடிப் பாருங்கள். சக்கரம் நின்றுவிட்டால் கசிவு வால்வுக்கு இந்தப் பக்கம், வீட்டுக்குள். நிற்காமல் சுற்றினால் மீட்டருக்கும் வால்வுக்கும் நடுவே, பெரும்பாலும் மண்ணுக்குள். வால்வு நன்றாக அடைக்கிறதா என்பதையும் ஒரு குழாயைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேல்தொட்டி இருக்கும் வீடுகளில் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். தொட்டி நிறைந்து பால் வால்வு (மிதவைப் பந்து மேலேறியதும் தண்ணீரை அடைக்கும் வால்வு) அடைத்துக்கொண்டால் மீட்டர் நின்றுவிடும். தொட்டிக்குக் கீழே கசிவு இருந்தாலும் அந்த நேரத்தில் தெரியாது. அங்கே தொட்டிக்கு வரும் தண்ணீரை மூடிவிட்டு, நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, யாரும் தண்ணீர் எடுக்காத நேரத்தில் மட்டம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பால் வால்வே கெட்டுப்போயிருந்தால், உபரிக்குழாய் வழியாகத் தண்ணீர் மொட்டைமாடியில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மாடிக்குச் சாவி பெரும்பாலும் வாடகைதாரரிடம் இருக்காது.

அதிகாரிகளே, யாரும் தண்ணீர் எடுக்காத நேரத்தில் கசிவைப் பார்க்கும் இந்த வழி உங்களுக்குப் புதிதல்ல. உங்கள் பெருங்குழாய்களில் கசிவைத் தேடும்போது நீங்களும் ஊர் உறங்கும் நேரத்தில், பின்னிரவு 2 மணியிலிருந்து 4 மணி வரை ஓடுகிற நீரைத்தான் அளக்கிறீர்கள். அப்போது பயன்பாடு மிகக் குறைவு; லைனில் அழுத்தமும் கூடியிருக்கும்; ஓடுவதில் பெரும்பகுதி கசிவு. இவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஒன்றை எங்கள் வீட்டு வாசல் வரை ஏன் கொண்டுவரக் கூடாது? ரீடிங் எடுக்க வருகிறவர் கையில் முந்தைய எண் இருக்கிறது. இந்த முறை இரட்டிப்பாகியிருந்தால் அங்கேயே, அந்த நிமிடமே, ‘கசிவு இருக்கலாம், பாருங்கள்’ என்று ஒரு சீட்டை வீட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம். டிஜிட்டல் மீட்டர் உள்ள இடங்களில், 24 மணி நேரமும் ஓட்டம் ஒரு கணம்கூட நிற்கவில்லை என்பதை மீட்டரே சொல்லிவிடும். ஆனால் அந்தக் குறுஞ்செய்தி வேறு எங்கோ வசிக்கும் உரிமையாளரின் கைப்பேசிக்குப் போகிறது. கணக்கில் குடியிருப்பவரின் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இணைப்பின் உரிமையை யாரும் மாற்றச் சொல்லவில்லை. தகவல் எங்களுக்கும் வரட்டும், அவ்வளவுதான்.

கசிவே இல்லாமலும் பில் எகிறும். கதவு பூட்டியிருந்தது, மீட்டர் மேல் வண்டி நின்றது என்று சில தடவை ரீடிங் எடுக்காமல் சராசரி போட்டுவிட்டு, பிறகு உண்மையான ரீடிங் எடுக்கும்போது விட்டுப்போன தண்ணீர் முழுவதும் ஒரே பில்லில் வந்து விழுகிறது. நடுவில் குடி மாறியிருந்தால், முன்பு இருந்தவர் பயன்படுத்தியதையும் புதிதாக வந்தவர் கட்டுகிறார். இப்படிச் சேர்ந்துபோன பில்லில் இன்னொரு அநியாயமும் நடக்கலாம். பயன்பாடு கூடக்கூடக் கட்டணமும் ஏறுகிற ஸ்லாப் முறை உள்ள ஊர்களில், பல மாதத் தண்ணீரை ஒரே காலத்தில் காட்டினால் அது மேல் ஸ்லாபுக்குப் போய்விடுகிறது. விட்டுப்போன காலத்துக்குப் பிரித்துப் போட்டால் அந்தத் தண்ணீருக்கே தொகை குறையும். பிரித்துப் போடுவது உங்கள் வேலை. நாங்கள் வந்து கெஞ்சிக் கேட்ட பிறகு செய்கிற சலுகையாக அது இருக்கக் கூடாது.

ஒரே மீட்டரில் மூன்று நான்கு குடும்பங்கள் இருக்கும் கட்டடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் சிக்கனமாகவே செலவழித்தாலும், மொத்தம் பெரிதாகி எல்லாரும் மேல் ஸ்லாபில் கட்டுகிறார்கள். அதிகம் செலவழிப்பவர் அதிகம் கட்டட்டும் என்று கொண்டுவந்த முறை, வசதி குறைந்த வாடகைக் குடும்பங்களின் மேல்தான் அதிகமாக விழுகிறது. அந்த மீட்டரில் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்பதைக் கணக்கில் எடுத்து, ஸ்லாபின் அளவு வரம்பை அத்தனை மடங்காகப் பெருக்கிப் போடலாம். தனித்தனி மீட்டர் வைக்கும்வரை இதுவே நியாயமான வழி என்று நான் நினைக்கிறேன்.

மீட்டர் தப்பாக ஓடுகிறது என்று வருகிற புகார்களில் நீங்கள் சலித்துப்போயிருப்பீர்கள், அதுவும் புரிகிறது. பழைய மெக்கானிக்கல் மீட்டர் தேயத் தேயப் பொதுவாகக் குறைத்துத்தான் காட்டும். அதனால்தான் புது மீட்டர் மாட்டியதும் பலருக்கு பில் ஏறுகிறது. ஆனால் தண்ணீர் விட்டுவிட்டு வரும் இடங்களில், காலியாகக் கிடந்த குழாயில் தண்ணீர் ஏறும்போது முன்னால் தள்ளப்படும் காற்றும் மீட்டரைச் சுழற்றும். அடுக்குமாடிகளில் ஒரு வீட்டு மீட்டரும் இன்னொரு வீட்டு மீட்டரும் மாறிக் கணக்கில் ஏறியிருப்பதும் உண்டு. நம் வீட்டுக் குழாயைத் திறந்தால் எந்த மீட்டர் சுழல்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். எனவே புகார் கொடுப்பவர் வாடகைதாரர் என்பதற்காகத் திருப்பி அனுப்பாமல், ஒரு ஆளை அனுப்பிப் பாருங்கள்.

உரிமையாளர்களே, உங்களிடமும் மனம்விட்டுப் பேச வேண்டும். குழாய் வாஷரையும் ஃப்ளஷ் ரப்பரையும் நாங்களே மாற்றிவிடலாம். அது பெரிய செலவில்லை. சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் போகிற குழாயை எங்களால் தொட முடியாது. உங்களைக் கேட்காமல் உடைத்தால் அட்வான்ஸில் பிடிப்பீர்கள், உடைக்காமல் விட்டால் பில்லில் பிடிப்பீர்கள் என்றால் நாங்கள் என்ன செய்வது? ஈரத்தைப் பார்த்தும் சொல்லாமல் இருந்த வாடகைதாரர் அந்தத் தண்ணீருக்குப் பணம் கட்டட்டும், அது சரிதான். ஆனால் அவர் சொன்ன நாளிலிருந்து பிளம்பர் வரும் வரை ஓடிய தண்ணீர் உங்கள் கணக்கு. அந்த நாள் எது என்பதில் தகராறு வராமல் இருக்க, வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாமல் ஒரு செய்தியும் அனுப்பிவைப்பது இருவருக்கும் நல்லது. சாவி கைமாறுகிற அன்றே இரண்டு பேரும் மீட்டர் பக்கத்தில் நின்று ரீடிங்கைப் படம் எடுத்துக்கொள்ளலாம். மீட்டரின் வரிசை எண்ணும் அந்தப் படத்தில் தெரிய வேண்டும். காலி செய்யும் அன்றும் அதே மாதிரி. தோட்டத்துக் குழாயும் பொது வராந்தாக் குழாயும் எங்கள் மீட்டரில் சேர்ந்திருந்தால், வீடு பார்க்க வரும்போதே சொல்லிவிடுங்கள்.

இனி வாரியத்திடம் பணத்தைப் பற்றி. கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்த ரசீதைக் காட்டினால், அந்த ஒரு பில்லை வழக்கமான சராசரியை வைத்துத் திருத்தித் தருகிற வழக்கம் உலகில் பல குடிநீர் நிறுவனங்களிடம் இருக்கிறது. உங்களிடமும் அப்படி ஒரு விதி இருந்தால் அதை பில்லின் பின்பக்கத்திலேயே அச்சடியுங்கள். கவுண்டரில் நாலு பேரிடம் கேட்ட பிறகு தெரியவருகிற விதியால் பயனில்லை. கழிவுநீர்க் கட்டணத்தையும் தண்ணீர் அளவை வைத்தே போடும் இடங்களில், மண்ணுக்குள் கசிந்துபோன தண்ணீர் சாக்கடைக்கு வரவே இல்லை. அதற்குக் கழிவுநீர்க் கட்டணம் வாங்குவதில் எந்த நியாயமும் இல்லை. ஃப்ளஷ் டேங்கில் போனது வேறு. அது சாக்கடைக்குத்தான் போகிறது, அதில் நான் வாதாடவில்லை.

தகராறு முடியும்வரை வழக்கமான தொகையை வாங்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டிக்காமல் இருங்கள். தண்ணீரும் சுகாதாரமும் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 ஜூலை 28 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. அதற்கு முன்பே, 2002-இல், பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான ஐ.நா. குழு தன் 15-ஆவது பொதுக் கருத்துரையில், தண்ணீரை நிறுத்தும் முன் பாதிக்கப்படுபவருடன் பேச வேண்டும், முன்னறிவிப்பும் முழுத் தகவலும் தர வேண்டும், முறையிட வழியும் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பணம் கட்டாததற்காகத் துண்டித்தால், அவரால் கட்ட முடியுமா என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும், எந்த நிலையிலும் ஒருவருக்கு அடிப்படைத் தேவைக்கான குறைந்தபட்சத் தண்ணீர் இல்லாமல் போகக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. பாதிக்கப்படுபவர் என்றால் வீட்டில் குடியிருப்பவர்தான். முன்னறிவிப்பு உரிமையாளரின் முகவரிக்கு மட்டும் போனால், எங்களுக்கு விஷயம் தெரியும்போது குழாயில் தண்ணீர் நின்றிருக்கும்.

இத்தனையையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. முதலில் அடுத்த பில்லில் இரண்டு மாற்றங்களைக் கொண்டுவாருங்கள். இந்த முறை எடுத்தது உண்மையான ரீடிங்கா சராசரியா என்று பெரிய எழுத்தில் போடுங்கள். புகார்ப் படிவத்தில் ‘உரிமையாளர் பெயர்’ என்ற வரிக்குக் கீழே ‘குடியிருப்பவர் பெயர், கைப்பேசி எண்’ என்று இன்னொரு வரியைச் சேருங்கள். அந்தப் படிவத்தைக் கொண்டுவருகிறவர் வாடகை ஒப்பந்தத்தின் நகலைக் காட்டினால், அவர் புகாரைப் பதிவு செய்து எண் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாடகை வீட்டில் குடியிருந்து தண்ணீர் பில் கட்டிவரும் ஒருவர்