இரண்டு படங்களுக்கு நடுவே இருபது நிமிடம்

அன்புள்ள கண்ணா,

உன் செய்தி வந்தது. "எனக்கு ஏதாவது பழைய படம் ரெண்டு ரெண்டாச் சேர்த்துச் சொல்லும்மா, சனிக்கிழமைக்கு." அவ்வளவுதான். போன வருடம் இதையே கேட்டபோது "எங்களுக்கு" என்று எழுதியிருந்தாய். அவசரத்தில் கை தவறியிருக்கலாம். அனுப்பிய நேரம் இரவு 2.40 என்று காட்டுகிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. பட்டியல் கேட்டாய், பட்டியல் தருகிறேன்.

முதலில் கணக்கு. இரண்டு படமும் சேர்ந்து 210 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. நடுவில் 20 நிமிடம் ஓய்வு. மாலை 6.30க்கு ஆரம்பித்தால் 10.20க்கு எழுந்துவிடலாம். இரண்டாவது படத்தை ஒன்பது மணிக்கு மேல் ஆரம்பிக்காதே. பழைய படங்கள் நிதானமாக ஏறி, கடைசிக் கால் மணி நேரத்தில்தான் கையைத் திறக்கும். அந்த நேரத்தில் கண் சொருகினால் படத்தைக் குறை சொல்வாய். படத்தின் மேல் தவறு இருக்காது.

அடுத்தது ஜோடி சேர்ப்பது. ஒரே நடிகர் நடித்த இரண்டு படங்கள் என்பதுதான் இருப்பதிலேயே பலவீனமான ஜோடி. இதில் எத்தனை வயது, அதில் எத்தனை வயது என்று பார்த்துக்கொண்டே பொழுது போய்விடும். ஒரே இயக்குநர் என்பது பரவாயில்லை ரகம். ஒரே சிக்கலை இரண்டு பேர் இரண்டு விதமாகத் தொட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு படம் கேட்ட கேள்விக்கு இன்னொன்று பதில் சொல்ல வேண்டும். அதுதான் நல்ல ஜோடி. கட்டும் நூல் ஒன்று போதும். நான்கு பொருத்தம் தேடினால் இரண்டாவது படம் முதல் படத்தின் நகலாகத் தெரியும்.

எதை முதலில் போடுவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 1964இல் ஒரே நிறுவனம், கொலம்பியா, அதிபரின் உத்தரவில்லாமல் அணுகுண்டு விமானங்கள் கிளம்பிப் போவதைப் பற்றி இரண்டு படங்களை வெளியிட்டது. குப்ரிக்கின் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ் ஜனவரியில் வந்தது, சிட்னி லூமெட்டின் ஃபெயில் சேஃப் அக்டோபரில். குப்ரிக் பிடிவாதம் பிடித்துத் தன் படத்தை முன்னால் விடவைத்தார். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தவர்களுக்கு, அதே ஆபத்தை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சொன்ன படம் எடுபடவில்லை. ஆகவே நீ வரிசையைத் திருப்பிப் போடு. முதலில் ஃபெயில் சேஃப், 112 நிமிடம். பிறகு ஸ்ட்ரேஞ்ச்லவ், 95. மொத்தம் 207. பயந்த பிறகு வரும் சிரிப்பு வேறு மாதிரி இருக்கும்.

கறுப்பு வெள்ளை, வண்ணம் என்று கலந்து வந்தால் கறுப்பு வெள்ளை முதலில். வண்ணத்துக்குப் பழகிய கண்ணுக்கு அது மங்கலாகப் படும். பேசாப் படம் இருந்தால் அது எல்லாவற்றுக்கும் முன்னால், ஏனென்றால் பேசும் படத்துக்குப் பிறகு காது சும்மா இருக்காது, வசனத்துக்காகக் காத்துக்கொண்டே இருக்கும்.

உன் டிவியைச் சொல்ல வேண்டும். அங்கே வந்திருந்தபோது பார்த்தேன், அந்த மோஷன் ஸ்மூத்திங் ஓடிக்கொண்டிருந்தது. முதல் வேலையாக அதை அணை. படம் நொடிக்கு 24 சட்டகத்தில் எடுத்தது. டிவி தானாகவே இடையில் சட்டகங்களை உண்டாக்கிச் செருகுகிறது, அதனால்தான் எல்லாம் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போட்டாலே போதும், அணைந்துவிடும். நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணை. அது ஃபிலிமில் இயல்பாகத் தெரியும் மணல் மாதிரிப் பொடியைத் துடைக்கிறேன் என்று முகத்தின் சுருக்கத்தையும் சேர்த்துத் துடைத்து, மனிதர்களை மெழுகு பொம்மை ஆக்கிவிடும். ஷார்ப்னஸைக் குறை, ஆட்களின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியாத அளவுக்கு.

மிகப் பழைய படங்களின் சட்டகம் பெரும்பாலும் ஏறக்குறைய சதுரம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். திரை முழுக்க நிரப்பினால் எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகிவிடுவார்கள். சந்தேகம் வந்தால் ஒரு வண்டிச் சக்கரத்தையோ தட்டையோ பார். வட்டமாக இருந்தால் சரி, முட்டையாக இருந்தால் அமைப்பை மாற்று. ஒலிக்கு சரவுண்ட் வேண்டாம், ஒற்றைத் தடத்தில் பதிவானதை அறை முழுக்க இறைத்தால் வசனம் கரைந்துவிடும்.

சப்டைட்டில் விலகினால் உடனே கோபப்படாதே. (கோபம் உனக்கு என்னிடமிருந்து வந்தது, தெரியும்.) ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அளவு பிந்துகிறதா, அத்தனை நொடி தள்ளிவைத்தால் முடிந்தது. நேரம் ஆக ஆக விலகல் கூடுகிறதா, அது வேக வித்தியாசம். நொடிக்கு 24 சட்டகப் படத்தைச் சில நாடுகளின் டிவிக்காக 25 ஆக ஓட்டியிருப்பார்கள். 4 சதவீதம் வேகம், 25 நிமிடத்துக்கு ஒரு நிமிடம் விலகும். அதை எவ்வளவு தள்ளினாலும் சரிவராது, அந்த வேகத்துக்கான சப்டைட்டில் கோப்பைத்தான் தேட வேண்டும். 100 நிமிடப் படம் 96 என்று காட்டுவதும் இதனால்தான். வெட்டிவிட்டார்களோ என்று பயப்படாதே.

இனி ஜோடிகள்.

ஒரே அறை. ஹிட்ச்காக்கின் ரோப் (1948), 80 நிமிடம். முழுப் படமும் வெட்டே இல்லாமல் ஓடுவது போலத் தெரிய வேண்டும், ஆனால் அப்போதைய கேமரா பெட்டியில் பத்து நிமிடத்துக்குத்தான் ஃபிலிம் கொள்ளும், அதனால் ஒரு ஆளின் கோட்டு முதுகில் கேமரா போய் முட்டும், அங்கே வெட்டு. எல்லா வெட்டும் அப்படி மறைத்தது இல்லை, நேராக வெட்டிய இடங்களும் உண்டு, எண்ணிப் பார். அதன் பிறகு லூமெட்டின் 12 ஆங்ரி மென் (1957), 96 நிமிடம். முதல் மூன்றில் ஒரு பங்கில் கேமரா கண் மட்டத்துக்கு மேலே, லென்ஸ் அகலம். நடுப்பகுதியில் கண் மட்டம். கடைசியில் கீழே இருந்து, நீள லென்ஸில். சுவர் நெருங்குகிறது, கூரை இறங்குகிறது, ஏன் மூச்சு முட்டுகிறது என்று பார்ப்பவனுக்குத் தெரியாது. முதல் படம் வெட்டை ஒளிக்கிறது, இரண்டாவது லென்ஸை ஒளிக்கிறது. இதுதான் நூல்.

ஒரு கொலை, பல வாய். குரோசாவாவின் ரஷோமோன் (1950), 88 நிமிடம். எஸ். பாலசந்தரின் அந்த நாள் (1954), ஏறக்குறைய 130. ரஷோமோன் தந்த உந்துதலில் பிறந்தது, பாட்டே இல்லாத தமிழ்ப் படம். எது முதலில் என்று சண்டை போடலாம். ரஷோமோன் எது உண்மை என்று கடைசி வரை சொல்லாது, அந்த நாள் சொல்லிவிடும். கேள்வியோடு படுக்க முடிகிறவர்கள் ரஷோமோனை இரண்டாவதாகப் பார்க்கட்டும். இரவு 2.40க்கு விழித்திருக்கிறவன் அந்த நாளை இரண்டாவதாகப் போடு. 8 நிமிடம் கணக்கை மீறுகிறது, மன்னிக்கலாம்.

யோஜிம்போவும் (1961) எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸும் (1964) உனக்குத் தெரிந்ததுதான். முதல் படத்தின் கதையை அனுமதி வாங்காமல் இரண்டாவதாக எடுத்து, வழக்காகி, வசூலில் 15 சதவீதம் கொடுத்து முடித்தார்கள். செவன் சாமுராயை மட்டும் எதனோடும் சேர்க்காதே. அது ஒன்றே 207 நிமிடம், தனக்கென்று இடைவேளையும் வைத்திருக்கிறது.

டக்ளஸ் சிர்க்கின் ஆல் தட் ஹெவன் அலவ்ஸ் (1955), 89 நிமிடம், ஃபாஸ்பிண்டரின் அலி: ஃபியர் ஈட்ஸ் தி சோல் (1974), 93. முதல் படத்தில் தனியாக இருக்கும் அம்மாவுக்குப் பிள்ளைகள் ஒரு டிவி வாங்கித் தருகிறார்கள், அணைந்த திரையில் அவள் முகம் மட்டும் தெரிகிறது. இரண்டாவதில் மகன் அம்மாவின் டிவியைக் காலால் உதைத்து உடைக்கிறான். நீ எனக்கு அனுப்பிய டிவி நன்றாக ஓடுகிறது. எதையும் மனதில் வைத்து எழுதவில்லை. ஓசுவின் டோக்கியோ ஸ்டோரியும் மெக்கேரியின் மேக் வே ஃபார் டுமாரோவும் உலகத்திலேயே சிறந்த ஜோடி என்று அடித்துச் சொல்வேன், ஆனால் அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை. 136ம் 91ம் 227. கணக்கை மீறுகிறது.

இன்னொரு ஜோடி. சேர்ப்பதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். டேவிட் லீனின் பிரீஃப் என்கவுன்ட்டர் (1945), 86 நிமிடம், வோங் கார் வாயின் இன் தி மூட் ஃபார் லவ் (2000), 98. இரண்டாவதில் நாயகியின் கணவன், நாயகனின் மனைவி, இந்த இருவரின் முகத்தைக் காட்டவே மாட்டார்கள், குரலும் முதுகும்தான். முதல் படம் ஒரு பிரிவில் ஆரம்பித்து, அதே காட்சிக்குத் திரும்பி வந்து முடிகிறது. முதல் முறை வெளியாட்கள் மாதிரிப் பார்த்தது, இரண்டாம் முறை வேறாகத் தெரியும். அதில் ஒரு கணவன். மாலையானால் குறுக்கெழுத்துப் புதிரோடு உட்கார்ந்துவிடுவான், மனைவியை நிமிர்ந்து பார்க்காதவன் என்றுதான் நினைப்போம். கடைசியில் இவ்வளவு நேரமும் கவனித்துக்கொண்டிருந்தவன் மாதிரி, திரும்பி வந்ததற்கு நன்றி என்று ஒரு வரி சொல்வான். அந்த வரியைக் கேள். இப்போதே வேண்டாம் என்றால் பிறகு கேள்.

கடைசியாக ஓய்வு நேரம். 20 நிமிடமும் விளக்கு எரியட்டும், எழுந்து நட. போனில் விமர்சனம் படிக்காதே. இரண்டு பேர் பார்த்தால், படத்தைப் பற்றிக் குறைவாகத் தெரிந்தவர்தான் முதலில் பேச வேண்டும். தெரிந்தவர் கேட்கலாம், விளக்கக் கூடாது. 'எந்தப் பொருள் கண்ணிலேயே நிற்கிறது' என்று கேட்டால் போதும். பிடித்ததா என்று கேட்டால் ஆம், இல்லை என்று ஒற்றை வார்த்தையில் முடிந்துவிடும். ஒருவர் மட்டும் பார்த்தால்...

இங்கே வந்து நின்றுவிட்டேன். இந்த விதி எனக்குத் தெரிந்ததே தவிர நான் ஒரு நாளும் கடைப்பிடிக்கவில்லை. படம் ஓடும்போதே விளக்கம் சொல்வேன். விளக்கு எரிந்ததும் நீ வாயைத் திறப்பாய், "பொறு, அது அப்படி இல்லை" என்பேன். அந்த வயதில் நீ சொல்ல வந்தது எதுவாக இருந்தாலும் அது சரியாகத்தான் இருந்திருக்கும், நீ பார்த்ததைத்தானே சொல்ல வந்தாய். அப்புறம் "நல்லாருந்துச்சும்மா" என்று நிறுத்திக்கொண்டாய். இப்போது போனில் "நல்லாருக்கேம்மா" என்கிறாயே, அதே குரல். லென்ஸ் எப்போது மாறியது என்று சொல்லத் தெரிந்த எனக்கு அது எப்போது மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. ஜூன் மாத விஷயத்திலும் இதைத்தான் செய்தேன். நீ பாதி சொல்வதற்குள் யார் பக்கம் தப்பு என்று நான் தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தேன். அதற்குப் பிறகு நீ ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

சனிக்கிழமைக்கு இதை வை. பஸ்டர் கீட்டனின் ஷெர்லாக் ஜூனியர் (1924), 45 நிமிடம்தான். படம் ஓட்டுகிறவன் தூங்கிப்போய், கனவில் எழுந்து திரைக்குள் நடந்து போகிறான். தண்ணீர்த் தொட்டியிலிருந்து தண்ணீர் அவன் மேல் கொட்டும் இடத்தைப் பார், அதில் கீட்டனுக்குக் கழுத்தெலும்பு முறிந்தது, பல வருடம் கழித்துத்தான் அவருக்கே தெரிந்தது. அடுத்து வுடி ஆலனின் தி பர்ப்பிள் ரோஸ் ஆஃப் கெய்ரோ (1985), 82 நிமிடம். அதில் திரையிலிருந்து ஒருவன் இறங்கி வெளியே வருகிறான். மொத்தம் 127. பத்து மணிக்கு முன்னால் நீ படுத்துவிடலாம். படு.

உன் கடிகாரத்தில் 6.30க்கு நானும் இங்கே போடுகிறேன், நேர வித்தியாசத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். 7.15க்கு முதல் படம் முடியும். 7.35 வரை போன் என் கையில் இருக்கும். நீ கூப்பிட்டால் எடுப்பேன், முதலில் பேச மாட்டேன். படத்தைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று இல்லை. கூப்பிடாவிட்டாலும் 7.35க்கு இரண்டாவதைப் போட்டுவிடுவேன், உனக்கு முன்னால் முடித்துவிட மாட்டேன்.

அந்த மோஷன் சமாச்சாரத்தை அணைத்தாயா? மெனுவில் படம் என்ற பகுதிக்குள் இருக்கும்.

அன்புடன்,
அம்மா