ரயில் போகிற வரைக்கும்

அன்புள்ள தோழிக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவுக்கு மூன்று வாரமாகப் பதில் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே டி. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சையும் எங்கள் இரண்டாவது இசை மாலையும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. அம்மா நன்றாக இருக்கிறார், பேருந்து எண்ணை இப்போது தூரத்திலேயே படித்துவிடுகிறார். நீ கேட்டது, பழகாத மேற்கத்திய இசையை ஒரு சின்ன அறையில் வாசிக்கவைக்கிறோமே, அந்த இசை மாலையைப் பற்றி. பேசிப் பதிவு செய்து பார்த்தேன், சரியாக வரவில்லை, அதனால் பழையபடி எழுதுகிறேன்.

முதல் மாலை நன்றாகப் போகவில்லை என்று சொல்லியிருந்தேனே, அதற்குக் காரணம் இப்போதுதான் பிடிபடுகிறது. இடத்தில் குறையில்லை. சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி, கீழே பூக்கடை, மேலே பழைய மரத்தரை, 36 நாற்காலி போட்டால் அறை நிறைந்துவிடும். வந்தவர்களில் பாதிக்கு மேல் இரண்டு வயலின், வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வியோலா, தரையில் ஊன்றி வாசிக்கும் செல்லோ என்று நாலு பேர் வாசிக்கும் ஒரு ஸ்டிரிங் குவார்ட்டட்டைக்கூட நேரில் கேட்டதில்லை. நான் கூப்பிட்டேன் என்பதற்காக வந்தவர்கள், நம் பள்ளித் தோழிகள், பக்கத்து புளோக்கில் இருக்கும் அக்கா, கோயிலில் தேவாரம் பாடும் இரண்டு பேர். அவர்கள் மிரண்டுவிடக் கூடாதே என்று இருபது நிமிடம் விளக்கம் சொன்னேன், வியன்னாவின் இசையமைப்பாளர் ஷோன்பெர்க், பன்னிரண்டு சுரம், ஆதார சுருதி இல்லாத இசை என்று. பேசப் பேச முகங்கள் வாடிக்கொண்டே போனதை நானே பார்த்தேன். இடைவேளையில் அந்த அக்கா, "எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா, தப்பா நினைச்சுக்காத" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். இரண்டு நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐம்பது வருஷமாக நாதஸ்வரமும் எம்.எஸ்.ஸும் கேட்டு வளர்ந்த காது அது, அவரைத் தெரியாதவராக்கியது என் விளக்கம்.

இந்தத் தடவை விளக்கம் கிடையாது என்று முடிவு செய்தோம். வாசிக்கும் நால்வரும் இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள். நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் அவர்களைச் சுற்றிப் போட்டோம், முன்னால் இருப்பவர் கை நீட்டினால் செல்லோவைத் தொட்டுவிடலாம். எஸ்பிளனேட் கலையரங்கம் 2002இல் திறந்த புதிதில் நீயும் நானும் மேல்மாடத்தில் உட்கார்ந்து கேட்டோமே, ஏறக்குறைய 1,600 பேர் கொள்ளும் இசைக்கூடம், ஒலி அத்தனை துல்லியம், இருந்தாலும் வயலின்காரரின் முகம் ஒரு பொட்டு அளவுதான் தெரிந்தது. இங்கே வில் கம்பியில் பதிவதற்கு முன் வயலின் வாசிக்கும் பெண் மூச்சு இழுப்பது கேட்கிறது. செல்லோ கீழே இறங்கினால் மரத்தரை வழியாக உள்ளங்காலுக்கு வருகிறது. சேம்பர் மியூசிக் என்ற பெயரே அறைக்குள் வாசித்ததால் வந்ததுதான், கூடத்தில் ஜமக்காளம் விரித்து மைக் இல்லாமல் நடந்த நம் பக்கத்து வீட்டுக் கச்சேரிகள் மாதிரி. புது இசைக்கு அறை இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பழகிய ராகம் என்றால் எத்தனை தூரத்திலிருந்தும் பிடித்துக்கொள்ளலாம், பழகாத சத்தம் எங்கிருந்து, எந்தக் கையிலிருந்து வருகிறது என்று கண் பார்த்தால்தான் காது நம்புகிறது.

முதலில் ஷோன்பெர்க்கின் மாணவர் வேபெர்னின் ஆறு பாகடெல்கள், அதாவது குட்டிக் குட்டிப் படைப்புகள். 1913இல் எழுதி முடித்தவை, ஆறும் சேர்ந்து நாலு நிமிடம்தான், நூறு வருஷம் தாண்டியும் புதுசாகவே இருக்கிறது. சில இடங்கள் அவ்வளவு மெல்லியவை, ஏசி ஓடினால் பாதி காணாமல் போய்விடும், அதனால் நிறுத்திவிட்டோம். நம் ஊர்ப் புழுக்கத்தில் நிறைந்த அறையில் ஏசி இல்லாமல் நாலு நிமிடம் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். வாசிப்பதற்கு முன் வியோலாக்காரப் பையன் மூன்று சத்தங்களை மட்டும் காட்டினான்: கம்பிகளைத் தாங்கும் கட்டையான குதிரைக்கு ஒட்டி வில்லை இழுத்தால் கண்ணாடியைக் கீறுவதுபோல வருவது, விரலை அழுத்தாமல் தொட்டால் புல்லாங்குழல் மாதிரி வருவது, விரலால் சுண்டுவது. ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. வாசித்து முடித்ததும் யாரோ "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். ஏசியைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, மறுபடியும் நிறுத்தி, அதையே இன்னொரு தடவை வாசித்தார்கள்.

இது எங்கள் யோசனை இல்லை. ஷோன்பெர்க் 1918இல் வியன்னாவில் ஒரு சங்கம் தொடங்கினார், தனிப்பட்ட இசை நிகழ்வுகளுக்காக. மூன்று வருஷம்தான் ஓடியது. புதுப் படைப்புகளை ஒரு தடவையோடு விடாமல் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், கைதட்டக் கூடாது, விமர்சகர்களுக்கு இடமில்லை. கைதட்டலை நாங்கள் தடுக்கவில்லை, திரும்ப வாசிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டோம். இரண்டாம் தடவை அந்தப் புல்லாங்குழல் சத்தம் வந்தபோது மூன்று பேர் ஒரே நேரத்தில் தலையை அசைத்தார்கள், சபையில் ஒரு நல்ல சங்கதி விழுந்தால் அசைப்பார்களே, அதே அசைவு. அந்த அக்காவும் அவர்களில் ஒருவர். வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுத்தான் மறுபடி அழைத்துவந்தேன்.

நடுவில் இரண்டு சினிமாப் பாட்டு போட்டால் கூட்டம் வரும் என்று சொன்னாய். யோசித்துப் பார்த்தேன், ஒத்துக்கொள்ள முடியவில்லை. சினிமாப் பாட்டு எனக்கும் உயிர். ஆனால் இங்கே அதைப் போட்டால் எல்லாரும் அதற்காகக் காத்திருப்பார்கள், மற்றதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ள வேண்டியதாகிவிடும். கூட்டம் எனக்கு வேண்டாம், 36 பேர் போதும்.

இடைவேளைக்கு அப்புறம் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கின் 'டிஃபரண்ட் டிரெயின்ஸ்', வெவ்வேறு ரயில்கள் என்று அர்த்தம், 1988இல் குரோனோஸ் குவார்ட்டட் என்ற குழுவுக்காக எழுதியது. ரைக்கின் பெற்றோர் பிரிந்தவர்கள், அப்பா நியூயார்க்கில், அம்மா லாஸ் ஏஞ்சலஸில், 1939 முதல் 1942 வரை அந்தச் சிறுவன் ஆயாவுடன் ரயிலில் போய்வந்துகொண்டிருந்தான். யூதனான தான் அதே வருஷங்களில் ஐரோப்பாவில் இருந்திருந்தால் வேறு ரயிலில் அல்லவா ஏற்றியிருப்பார்கள் என்று பின்னாளில் நினைத்திருக்கிறார். அந்த ஆயாவின் குரலும், ஓய்வுபெற்ற ரயில் ஊழியர் ஒருவரின் குரலும், நாஜிகளிடமிருந்து பிழைத்து வந்தவர்களின் குரல்களும் ஒலிப்பதிவில் துண்டு துண்டாக வரும். பெண் பேசினால் அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கத்தை வியோலா வாசிக்கும், ஆண் பேசினால் செல்லோ. உன்னை நினைத்துக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன், "பாடகர் பின்னாலேயே பக்கவாத்திய வயலின் போகுமே, அது மாதிரிதான், இங்கே பாடுவதற்குப் பதிலாகப் பேசுகிறார்கள்." வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நடுப்பகுதியில் ஐரோப்பிய ரயில்களின் ஊதலோடு விமானத் தாக்குதல் அபாயச் சங்கும் சேரும். அப்போது செல்லோவுக்கு எதிரில் இருந்த ஒரு பெரியவர் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். எண்பத்து நாலு வயது, பேத்தி கூட்டிவந்திருந்தாள். கைதட்டல் ஓய்ந்ததும் அவராகவே பேசினார். ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த அப்பாவை ஜப்பான்காரர்கள் சயாமுக்கு, இப்போதைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போட அழைத்துப்போனார்கள், திரும்பி வரவில்லை. அப்போது இவருக்கு இரண்டு வயது. "அப்பா மூஞ்சி எனக்குத் தெரியாதும்மா. ரயில் சத்தம் கேட்டா அம்மா கையில இருக்கிற வேலைய அப்படியே விட்டுட்டு நின்னுடுவாங்க, அது போற வரைக்கும். எனக்குத் தெரிஞ்சது அது மட்டும்தான்" என்றார்.

சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் பாதை, 1942, 43இல் போட்டது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். நம் வீடுகளிலும் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசியதில்லை, இல்லையா? அன்று பேசினார்கள். தேவாரம் பாடுகிறவரின் பெரிய தாத்தாவும் போனவராம். கீழே பூக்கடைக்காரர் வந்து கதவைப் பூட்ட வேண்டும் என்று சொல்லும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

செலவுக் கணக்கு கேட்டிருந்தாய். ஆளுக்கு 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வாசித்தவர்களுக்குக் கொடுத்து, வாடகை கொடுத்து, இசைத்தாள்களுக்கும் உரிமைக்கும் கட்டியதும் கையிலிருந்து கொஞ்சம் போட வேண்டியிருந்தது. பரவாயில்லை.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. இரண்டாவது வயலின் வாசிக்கும் பெண் இசை எழுதவும் செய்கிறாள். பெரியவர் வீட்டுக்குப் போய் அவர் பேசுவதை 11 நிமிடம் பதிவு செய்திருக்கிறாள், அதை வைத்து நால்வருக்கும் ஒரு படைப்பு எழுதப் பார்க்கிறாள். ஆனால் பியானோவில் வைத்துப் பார்த்தால் அவர் குரல் கட்டைகளுக்கு நடுவிலேயே விழுகிறது, வழுக்கிக்கொண்டு போகிறது என்கிறாள். அது கமகமாக, சுரத்தை அசைத்து வழுக்கி வாசிக்கும் நம் முறையில், எடுக்க வேண்டியது என்று எனக்குப் படுகிறது, அதைக் காட்ட எனக்கு விரல் இல்லை, உனக்கு இருக்கிறது. பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், உனக்கு மட்டும் அனுப்ப அவர் சம்மதம் சொல்லியிருக்கிறார், வேறு யாருக்கும் போக வேண்டாம். மார்கழிக் கச்சேரிகள் எல்லாம் முடியட்டும், அவசரமில்லை. ஓய்வாக இருக்கும்போது வயலினை எடுத்து, ஒரு பாடகருக்கு வாசிப்பதுபோல அவர் பின்னாலேயே போய்ப் பார். நாலாவது நிமிடத்தில் "நின்னுடுவாங்க" என்று வரும், அங்கிருந்து தொடங்கு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி