கோள்மண்டலப் பயணம்: காசும் கணக்கும்

எல்லாருக்கும் வணக்கம். நேற்று ஆரோ போட்ட லாஸ் வேகாஸ் 'ஸ்பியர்' (அமெரிக்காவில இருக்கிற உருண்டை வடிவ அரங்கு) வீடியோவை நானும் பார்த்தன். 2023இல் திறந்தது, உள்ளே திரை மட்டும் 160,000 சதுர அடி. விசாவுக்கே நம்ம காசு காணாது, அத விடுவம்.

ஆனா அந்த அரங்கு காட்டுற வித்தையின் சூட்சுமம் லேசானது: திரை தலைக்கு மேலாலயும் வளைஞ்சு கண்ணின் ஓரம் வரைக்கும் வந்தா, இருக்கிற இடமே நகருறமாதிரி மூளை ஏமாறும். இதே வித்தை கொழும்புக் கோள்மண்டலத்தில (குவிமாடத்தில வானத்தைக் காட்டுற அரங்கு) இருக்கு, அங்கதான் நாம போகப் போறம். பொறியியலாளர் குலசிங்க வடிவமைச்ச தாமரை மொட்டுக் கட்டடம், 1965இல கட்டினது. குவிமாடத்தின் விட்டம் 23 மீற்றர். பெரிசுதான்.

மட்டக்களப்பில இருந்து இரவு ரயில், மூன்றாம் வகுப்பு. விடியக் கொழும்புக் கோட்டை ஸ்டேசனில இறங்கலாம், அறை வாடகை மிச்சம். பிட்டும் பொரிச்ச மீனும் கட்டிக்கொண்டு வாங்க. ரயில் வடையை நம்பி வராதீங்க, போன முறை எனக்கு வயிறு பட்டபாடு தெரியும்தானே. கோட்டையில இருந்து மறுகா 138 பஸ்.

தமிழ்க் காட்சி எல்லா நாளும் இல்லை. அதால முதல்ல அங்க போன் பண்ணி காட்சி நாளை உறுதி செய்வன், பிறகுதான் ரயில் டிக்கெட். முன் வரிசைக்கு ஓடாதீங்க, கழுத்து நோகும். பின்பக்கம் இருந்தாத்தான் முழு வானமும் கண்ணுக்குள்ள வரும். தலைசுத்து உள்ளவங்க கண்ணை மூடிக்கொண்டாச் சரியாகும்.

வாறவங்க வெள்ளிக்கு முன்னம் பேர் போடுங்க. பிள்ளைகளின் வயதையும் சேர்த்து.