சர்வரைச் சாய்க்க ஒரே ஒரு கோரிக்கை போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எந்த இணையதளம் முடங்கினாலும் உங்கள் நாளிதழ் உட்பட எல்லாப் பத்திரிகைகளிலும் ஒரே மாதிரிதான் செய்தி வருகிறது. லட்சக்கணக்கான கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் தாக்குதல் என்று தலைப்பு. கூடவே முகமூடி போட்ட ஒருவர் கீபோர்டு முன்னால் குனிந்திருக்கும் படம். அப்படி நடப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2023 ஆகஸ்டில் கூகுள் சமாளித்த தாக்குதல் உச்சத்தில் நொடிக்கு 39.8 கோடி கோரிக்கைகளை, அதாவது 'இந்தப் பக்கத்தைக் கொடு' என்ற கேட்புகளை, தொட்டது. ஆனால் 19 வருடமாக ஒரு நிறுவனத்தின் ப்ராக்ஸி சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு வெள்ளம்போல் வந்து மோதியது ஒரு தடவைதான். மற்றபடி என் தூக்கத்தைக் கெடுத்ததெல்லாம் ஒற்றைக் கோரிக்கைகள். அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் இந்தக் கடிதம்.

கேச் ப்ராக்ஸி என்பது நடுவில் உட்கார்ந்திருக்கும் மென்பொருள். உள்ளே இருப்பவர் கேட்கும் பக்கத்தை வெளியே போய் வாங்கி வந்து கொடுக்கும். ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அடுத்தவர் அதையே கேட்டால் எடுத்து நீட்டும். இணையதளத்தின் வாசலில் நிறுத்தினாலும் இதே வேலைதான், திசைதான் வேறு. எங்களிடம் இருப்பது ஸ்க்விட். முதல் பதிப்பு 1996 இல் வந்தது. இலவசம், நல்ல உழைப்பாளி, ஆனால் வயதாகிவிட்டது.

2024 தொடக்கத்தில் ஓர் இரவு, மணி இரண்டைத் தாண்டியிருக்கும், கைபேசி அடித்தது. இணையம் வருகிறது, போகிறது, வருகிறது என்றார் இரவுப் பணியில் இருந்த தம்பி. உள்ளே போய்ப் பார்த்தால் ஸ்க்விட் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. அதன் தாய்ச் செயலி, பிள்ளை விழுந்ததும் இன்னொன்றைக் கிளப்பும். கொஞ்ச நேரத்துக்குள் பல தடவை விழுந்தால், இனி முடியாது என்று கைவிட்டுவிடும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைவிட்டது.

முதலில் டிஸ்க் மேல் சந்தேகப்பட்டேன். அடுத்து மெமரி. இரண்டும் நன்றாகவே இருந்தன. வந்துபோன கோரிக்கைகளைக் குறித்துவைக்கும் ஆக்சஸ் லாகைத் திறந்து பார்த்தேன். வழக்கத்துக்கு மாறான வரி ஒன்றுகூட இல்லை. இங்கேதான் நான் ஒரு மணி நேரம் ஏமாந்தேன். ஸ்க்விட் ஒரு கோரிக்கையை முடித்த பிறகுதான் அந்த லாகில் எழுதும். தன்னைக் கொன்ற கோரிக்கையை அது முடிப்பதே இல்லை. செத்தவன் எப்படி வாக்குமூலம் எழுதுவான்? கடைசியில் டிசிபிடம்ப் என்ற கண்காணிப்புக் கருவியைப் போட்டு, வரும் தரவுப் பாக்கெட்டுகளைப் பிடித்துவைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தேன்.

ஒரு சாதாரணக் கோரிக்கைதான். அதில் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்ற ஹெடர் (கோரிக்கையின் தலையில் வரும் விவரக் குறிப்பு) மட்டும் முடிவே இல்லாமல் நீண்டிருந்தது. ஒரு கோரிக்கை எந்தெந்த ப்ராக்ஸிகளைத் தாண்டி வந்தது என்று முகவரிகளைக் கமா போட்டு அடுக்கும் வரி அது. ஸ்க்விட் அந்தப் பட்டியலில் ஒரு முகவரியைச் சோதிக்கும், அது முடியுமுன்பே அதற்குள்ளிருந்து அடுத்ததைச் சோதிக்கும், அதற்குள்ளிருந்து இன்னொன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போய், அடுக்க இடம் தீர்ந்ததும் விழுந்துவிடும். ஹெடர்களுக்கு இயல்பாக இருக்கும் உச்சவரம்பு 64 கிலோபைட். இன்று ஒரு சின்னப் புகைப்படம் அதைவிடப் பெரியது. அவ்வளவுதான் ஆயுதம்.

இதற்கான திருத்தம் 2023 டிசம்பரிலேயே 6.6 பதிப்பில் வந்துவிட்டது. 64 முகவரிகளுக்கு மேல் கண்டுகொள்ளாதே என்று ஒரு கட்டுப்பாடு. பெரிய வித்தையெல்லாம் இல்லை. எங்கள் சர்வர் 5 ஆம் வரிசையிலேயே நின்றுகொண்டிருந்தது. "ஓடுகிறதே, ஏன் தொட வேண்டும்" என்பது எங்கள் துறையில் எழுதப்படாத சட்டம்.

அதைவிட வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. இந்தக் குறை எல்லா ஸ்க்விட்டையும் பாதிக்காது. அந்த ஹெடரைப் பின்தொடரச் சொல்லி, ஸ்க்விட் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் கான்ஃபிக் கோப்பில் எழுதியிருந்தால்தான் பாதிக்கும். ஒரு காலத்தில் எங்கள் ப்ராக்ஸிக்கு முன்னால், வரும் கூட்டத்தைப் பிரித்துவிடும் லோட் பேலன்சர் என்ற கருவி இருந்தது. அதற்காக எழுதிய வரி. லோட் பேலன்சரைக் கழற்றி வருடக்கணக்காகிறது. வரி மட்டும் அப்படியே இருந்தது. அதுவும் அந்த ஒரு கருவியின் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுக்காமல், எல்லோரையும் நம்பு என்று 'அலோ ஆல்' போட்டிருந்தது.

அனுப்பியது யார், வேண்டுமென்றே செய்தார்களா என்று கேட்பீர்கள். வந்த முகவரி எங்கள் வளாகத்துக்குள்ளேயே இருந்த ஒரு சோதனைக் கணினி. யாரோ ஒரு ஸ்கிரிப்டை ஓடவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். முகமூடி எதுவும் இல்லை.

பெரிய படத்துக்கு வருகிறேன். ஜோஷுவா ரோஜர்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2021 இல் ஸ்க்விட்டின் மூலநிரலைத் துருவி 55 குறைகளைக் கண்டு சொன்னார். 2023 அக்டோபரில் அவர் அதைப் பொதுவில் வெளியிட்டபோது அவற்றில் 35 திருத்தப்படாமலே கிடந்தன. ஸ்க்விட் குழுவைத் திட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் உலகமெங்கும் நிறுவனங்கள் காசு கொடுக்காமல் ஓட்டும் ஒரு மென்பொருளைக் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் பராமரிக்கிறார்கள். நாங்களும் ஒரு பைசா கொடுத்ததில்லை.

அந்தக் குறைகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். கோஃபர் என்று ஒரு நெறிமுறை, அதாவது கணினிகள் ஆவணங்களைக் கேட்டு வாங்கும் ஒரு முறை, 1991 இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்தது, இணையம் வளர்ந்ததும் மறக்கப்பட்டது. ஸ்க்விட்டுக்குள் அதற்கான கதவு மட்டும் இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகத் திறந்தே இருந்தது. அந்த வழியாக வரும் பதில் ஒன்றே ஸ்க்விட்டை விழவைக்கும். குழு அதைத் திருத்தவில்லை, 6.0.1 பதிப்பில் கோஃபரையே தூக்கி எறிந்துவிட்டது. பக்கத்தைத் துண்டுகளிலிருந்து ஒட்டித் தரும் இஎஸ்ஐ என்ற வசதிக்கும் இதே கதைதான்: 6.10 பதிப்பிலிருந்து இயல்பாகவே அணைத்து வைத்திருக்கிறார்கள். சில சமயம் பூட்டை மாற்றுவதைவிடக் கொல்லைக் கதவைச் சுவர் வைத்து அடைப்பதே நல்ல பாதுகாப்பு.

ஸ்க்விட்டை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. வார்னிஷ் என்ற இன்னொரு கேச் மென்பொருளிலும் 2017 இல் இதுபோல் ஒற்றைக் கோரிக்கையில் விழும் குறை வந்தது. விழுந்தால் உடனே எழுந்துகொள்ளும்தான். ஆனால் எழும்போது சேமித்ததெல்லாம் காலி. அதுவரை கேச் தாங்கிக்கொண்டிருந்த கூட்டம் முழுக்கப் பின்னாலிருக்கும் சர்வர் தலையில் இறங்கும். 2019 இல் கொலோன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தையும் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் காட்டிய வழி இதைவிடக் குறும்பானது. கேச் ஏற்றுக்கொள்ளும், ஆனால் பின்னாலிருக்கும் சர்வர் மறுக்கும் அளவுக்கு நீளமான ஹெடரோடு ஒரு பக்கத்தைக் கேட்க வேண்டும். சர்வர் பிழைப் பக்கத்தைத் திருப்பி அனுப்பும். கேச் அதையே பத்திரமாகச் சேமித்து, அடுத்து வருகிறவர்களுக்கெல்லாம் விநியோகிக்கும். எந்தச் சர்வரும் சாகவில்லை, ஆனாலும் தளம் முடங்கிவிட்டது!

அதனால் உங்கள் செய்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எங்களைப் போன்றவர்கள் "ஹேக்கர்கள் தாக்கிவிட்டார்கள்" என்று அறிக்கை கொடுத்தால் அப்படியே அச்சிடாதீர்கள். என்ன மென்பொருள், அந்தக் குறைக்குத் திருத்தம் எப்போது வந்தது, நீங்கள் எப்போது போட்டீர்கள் என்று கேளுங்கள். பதிப்பு எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடவும் வேண்டாம். லினக்ஸ் இயங்குதளத்தைத் தொகுத்துத் தரும் பல விநியோகங்கள் எண்ணை மாற்றாமலே திருத்தத்தை உள்ளே சேர்த்துவிடும். தேதியைக் கேட்டால்தான் வாய் குழறும்.

இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். அந்த இரவுக்குப் பின் நான் கொடுத்த அறிக்கையில் "பழைய அமைப்பில் இருந்த பிழை" என்றுதான் எழுதினேன். அந்த 'அலோ ஆல்' வரியை எழுதியது நான்தான் என்பது என் மேலாளருக்கு இன்னும் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி ஒருவர்